பாடி மேம்பாலத்துக்கு மேற்கே ஓர் உணாவியல்

பாயிரம்

நூல் என்று ஒன்று செய்தால் பாயிரத்தில் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்பது நன்னூலார் விதி. ஆக்கியோன் பெயர் சொல்லும்படியாக இல்லை, விடுக. வழி: தொல்காப்பியமும் அதன் உரைகளும் எம்.டி.எச். ரோடும். எல்லை: கிழக்கே பாடி மேம்பாலம், வடக்கே செங்குன்றத்து நெல் அரவை ஆலைகள், தெற்கே செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, மேற்கே திருமழிசை. அதற்கும் மேற்கே போனால் பெங்களூரு வந்துவிடும் அபாயம் உண்டு. நூற்பெயர் மேலே காண்க. யாப்பு: தொகுக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை, வகுத்ததோடு சரி. நுதலிய பொருள்: ஒரு நிலத்தில் விளைந்ததை அந்த நிலத்துக்கே விமானம் ஏறிப் போய்ப் பெரும் பணம் கொடுத்துத் தின்றுவிட்டு வரும் ஒழுக்கம். கேட்போர்: வீட்டுக் கடன் தவணை இன்னும் பாக்கி உள்ளவர். பயன்: விமானச் செலவு மிச்சம்.

முன்னோர் நூல்

இவ்வொழுக்கத்துக்கு இக்காலத்தில் சூத்திரம் செய்தவர்கள் வடகோடிக் குளிர் நாட்டார். 2003இல் கோபன்ஹேகன் துறைமுகத்தில் ஒரு பழைய கிடங்கில் கிளாஸ் மேயரும் ரெனே ரெட்செப்பியும் நோமா என்ற உணவகத்தைத் தொடங்கினார்கள். மறு வருஷம் அந்தப் பக்கத்துச் சமையற்காரர்கள் 12 பேர் கூடி, பத்து அம்ச அறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட்டார்கள். பருவம் மாறுவது தட்டில் தெரிய வேண்டும், அந்த மண்ணுக்கும் நீருக்கும் குளிருக்கும் உரிய பொருளையே சமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பாசி வந்தது, கடலோரக் களை வந்தது, காட்டுப் பழம் வந்தது. 2012இல் லண்டனில் ஒரு பெரிய ஹோட்டலில் பத்து நாள் கடை போட்டபோது, முட்டைக்கோஸ் இலைமேல் உயிருள்ள எறும்பை ஊரவிட்டுக் கொடுத்தார்கள். எலுமிச்சம்புல் வாசம் அடித்தது என்று தின்றவர்கள் எழுதினார்கள்.

அடுத்த படி, கடையைத் தேடி ஆளை அலைய விடுவது. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வடக்கே ஒரு வேட்டைப் பண்ணையில் மாக்னஸ் நில்சன் நடத்திய ஃபேவிக்கனில் இரவுக்குச் சில பேர்தான் உட்கார முடியும். அதற்கும் உலகத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் போனார்கள். 2019 டிசம்பரில் அவர் மூடும்வரை போனார்கள். ஃபேரோ தீவுகளில் காக்ஸ் என்று ஒரு கடை இருந்தது. விருந்தாளியை ஜீப்பில் ஏற்றி, ஏரியோரம் சாலை முடிகிற இடத்தையும் தாண்டிக் கொண்டுபோய், புல் முளைத்த கூரைக்குக் கீழே உட்காரவைத்து, காற்றாடும் மரக்கொட்டகையில் மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் புளிக்கவைத்த ஆட்டுக்கறியைக் கொடுப்பார்கள். மிஷலின் நட்சத்திரம் இரண்டு. அதுவும் போதாதென்று 2022இல் கிரீன்லாந்தில் ஐம்பது பேர் வசிக்கும் இலிமனாக் என்ற கிராமத்துக்குக் கடையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். படகில் போக வேண்டியிருந்தது.

இனி நம் முன்னோர். தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கக் காஞ்சிக்குப் போகும் பாணனுக்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வழி சொன்ன நூல் பெரும்பாணாற்றுப்படை. வழி என்று பேர். படித்தால் பாதிக்குமேல் பட்டியல் சாப்பாடு. எயினர் குடிலில் சிவப்பரிசிச் சோறும் உடும்புக் கறியும். இடையர் வீட்டில் தினைச்சோறும் பாலும். புன்செய் உழவரிடம் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும். நன்செய்ப் பக்கம் வந்தால் வெண்சோறும் வீட்டுக்கோழியும். அந்தணர் தெருவில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும். நிலம் மாற மாறத் தட்டு மாறுகிறது. வடகோடியார் கையெழுத்துப் போட்ட விஷயம் இங்கே ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நடைமுறையில் இருந்திருக்கிறது. பூச்சி தின்பதும் புதிதன்று. பாரியின் பறம்பு நாட்டில் புற்றீசலை மோரில் புளிக்கவைத்துச் சமைத்ததைக் கபிலர் புறநானூற்றில் சொல்லியிருக்கிறார்.

வேறுபாடு ஒன்று உண்டு. பாணன் பசித்துப் போனான், வழியெல்லாம் சும்மா தின்றான், முடிவில் யானையும் பொன்னும் வாங்கிக்கொண்டு வந்தான். ஃபேரோ போகிறவன் பசியில்லாமல் போய், கொடுத்துவிட்டு வருகிறான். ஆற்றுப்படை தலைகீழானது எக்காலத்து என்பது தனியே ஆராயத் தக்கது.

நிலவியல்

திணைதோறும் உணா இன்னதென்று தொல்காப்பியர் கருப்பொருளில் இடம் ஒதுக்கினார். உரையாசிரியர்கள் அதை நிரப்பினார்கள். அதே முறையை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் முந்நாட்டுக்கும் பொருத்துதும்.

குறிஞ்சி. இவ்வெல்லைக்குள் மலை கிடையாது. ஆகவே குறிஞ்சி உணா ஆர்கானிக் கடையில் கிடைக்கும். தினை, சாமை, மலைத்தேன். பாட்டிலில் பழங்குடிப் பெண்ணின் படம் ஒட்டியிருந்தால் விலை கூடும். இத்திணைக்கு இது போதும்.

முல்லை. திருமுல்லைவாயில் என்று ஊரே இருக்கிறது. தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாகத் தலபுராணம். முல்லைக்குரிய பால், தயிர், வெண்ணெய் எல்லாம் இன்று ஆவினின் அம்பத்தூர் பால்பண்ணையிலிருந்து விடியற்காலம் வேனில் வந்து, நீலமும் பச்சையுமாய்ப் பாக்கெட்டில் தெருமுனையில் இறங்கும். ஆயினும் கறந்த பால்தான் வேண்டும் என்பார் இன்னும் உளர். அவர்களுக்காக மாடுகள் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுவரொட்டி தின்று திரிகின்றன. மாடு மேய்ந்த புல்லின் வாசம் பாலில் வரும் என்பது வடகோடிச் சமையலார் கொள்கை. அது மெய்யானால் அம்பத்தூர்ப் பாலில் மைதா பசையும், மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வருகை தரும் மாவட்டச் செயலாளரும் மணக்க வேண்டும். மணப்பதாகத்தான் சிலர் சொல்கிறார்கள்.

மருதம். இது விரித்துரைக்கத் தக்கது. ஏரி நாடு இது: அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, எல்லாவற்றுக்கும் பெரியதாய்ச் செம்பரம்பாக்கம். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த இரண்டாவது எண்ணை அறியாத குழந்தைகூட இங்கே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் டிவியில் ‘இருபத்திரண்டு அடி’ என்றால் அடையாற்றங்கரைக்காரன் துணிமணியைக் கட்டுவான். இக்கரையார் மதகுக்குக் கீழே மீன் துள்ளுமா என்று வலையை எடுப்பார்கள். மருதத்து உரிப்பொருள் ஊடல் ஆதலின் இதுவும் பொருந்தும்.

ஏரி மீன் நால்வகைத்து: விரால், கெண்டை, கெளுத்தி, ஜிலேபி. விரால் அலுமினிய அன்னக்கூடையில் உயிரோடு கிடக்கும். கை வைத்தால் தண்ணீர் சட்டையில் தெறிக்கும். அதுவே அதன் சான்றிதழ். ஜிலேபியின் கதை வேறு. ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952இல் இலங்கை வழியாக இந்தியாவுக்குள் வந்து, ஏரிகளில் மற்ற மீனுக்கு இடம் விடாமல் பெருகிய மீன் அது. கோபன்ஹேகன் சட்டப்படி அயலார். கரையில் வறுத்து விற்கும் பெண்மணியிடம் இந்த நுட்பம் செல்லாது.

‘ஏரி மீன் தானாக்கா?’

‘பின்ன? கடல் எங்க கீது இங்க?’

மீனின் இரு பக்கமும் மூன்று மூன்று கீறல். கீறலுக்குள் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் விரலால் அழுத்தப்பட்டிருக்கும். இரும்புக் கல்லில் எண்ணெய் அலைந்துகொண்டே இருக்கும். மீனைப் போட்டதும் இரண்டு நொடி சத்தம் அடங்கி, பிறகு திரும்ப எழும். வால்பக்கம் கறுகி மொறுமொறுத்தால்தான் எடுப்பார். வெங்காயமும் எலுமிச்சம் துண்டும் மேலே. தின்பவன் நின்றபடி ஏரியைப் பார்த்துக்கொண்டு தின்பான். ஏரியில் இருந்ததை ஏரியைப் பார்த்தபடியே தின்பதற்காகத்தான் ஃபேரோவில் ஜீப் வைத்துக் கொண்டுபோனார்கள். இங்கே ஷேர் ஆட்டோவும் கொஞ்சம் நடையும்.

நெய்தல். கடல் இல்லாவிடினும் நெய்தல் உண்டு. உரையாசிரியர்களே நெய்தலுக்கு உணா ‘மீன் விலையும் உப்பு விலையும்’ என்றார்கள். மீனும் உப்பும் சேர்ந்தால் கருவாடு. கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக வரும் கருவாட்டுக்காரம்மாவே இத்திணைத் தலைவி. நெத்திலி, வாளை, சுறா, வசதியுள்ளவர்க்கு வஞ்சிரம்.

ஃபேரோக்காரர் புளித்த ஆட்டுக்கறியும் நம் கருவாடும் உப்புக் காற்றாலும் பொறுமையாலும் ஆனவை; நாற்றத்தாலும் நெருங்கிய உறவு. அங்கே அதற்கு இரண்டு நட்சத்திரம். இங்கே மூன்றாம் மாடியில் யாராவது நெத்திலியைச் சட்டியில் போட்டால், அது சிவக்குமுன் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸாப் குழுவில் ‘யார் வீட்டில்?’ என்று வந்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவர் பதில் எழுதுவதில்லை. எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டுவிட்டுச் சாம்பிராணி ஏற்றுவார். சாம்பிராணி மணந்தாலே கருவாடு என்று மற்றவர்கள் இப்போது கற்றுக்கொண்டுவிட்டார்கள். புகையால் நெருப்பை அறிவது அனுமானப் பிரமாணம்.

பாலை. தொல்காப்பியர் இதற்கு நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கெட்டுத் திரிந்தால் பாலை ஆகும் என்றவர் இளங்கோவடிகள். பாலைக்கு உணா, வழிப்பறி செய்த பொருளும் கொள்ளையிட்ட பொருளும் என்பது உரை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவுப் பேருந்து ஒதுங்கும் மோட்டல்களை உரையாசிரியர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது. ‘இருபது நிமிஷம்’ என்பார் நடத்துநர், விளக்குகள் எரியும், ஓட்டுநரும் அவரும் உள்ளறையில் மறைவார்கள். அவர்களுக்கு எலும்புக் குழம்பு, நமக்கு நேற்றைய புரோட்டா. விலைப்பலகை கல்லாவில் இருப்பவர் முகத்தில் எழுதியிருக்கும். நிலத்தோடு இவ்வளவு பொருந்திய உணா வேறெந்தத் திணையிலும் இல்லை. இலக்கணம் வழுவாதவர்கள் பாலையார் மட்டுமே.

நெடுஞ்சாலைப் பாலையேயன்றி மனைப் பாலை என ஒன்றும் உண்டு. ஏரிப் பாசனம் கெட்டு, வயல் விற்று, கல் நட்டு, ஆள் வராமல் கிடக்கும் பிளாட். ஓர் ஓரத்தில் வேலிகாத்தான், இன்னோர் ஓரத்தில் யாரோ கொட்டிய கட்டட இடிபாடு. மழை பெய்து பத்து நாள் கழித்து அங்கே போய்ப் பார்த்தால் வடகோடிச் சமையலார் மண்டியிட்டு விடுவார்கள். மூக்கிரட்டை தரையோடு படர்ந்து கிடக்கும். தண்டு சிவப்பு, இலைக்கு அடியில் வெளிறல், பொட்டு அளவு ஊதாப் பூ. கம்பியில் முடக்கத்தான். சுவரில் கோவை. ஈரம் நிற்கும் இடத்தில் பொன்னாங்கண்ணி. குப்பைமேட்டில் குப்பைக்கீரை, பெயருக்கு ஏற்பவே. பிரண்டை யாரும் நடாமல் வரும். மனையின் உரிமையாளர் துபாயில் இருக்கிறார். கீரைக்கு உரிமையாளர் காலையில் பையோடு வரும் பக்கத்துத் தெருப் பாட்டி. பட்டா யார் பேரில் இருந்தாலும் அனுபவ பாத்தியதை அவருக்கே.

இந்தக் களையைப் பிடுங்கித் தட்டில் ஐந்து இலை வைத்தால் கோபன்ஹேகனில் ஒரு வரிசை. அம்பத்தூர்க் கீரைக்காரர் கட்டு இருபது ரூபாய்க்குக் கொடுத்தாலும், ‘ஒரு கட்டு சேர்த்துப் போடுங்க’ என்கிறோம். விலை ஏன் இப்படி வேறுபட்டது?

கையியல்

இதற்குப் பலரும் பல காரணம் சொல்வர். தூரம் என்பார் ஒருசாரார். அலைந்து போய்த் தின்றால் ருசிக்கும். அயல்மை என்பார் இன்னொரு சாரார். தன் பாட்டி வைத்தால் பழையது, அடுத்தவன் பாட்டி வைத்தால் பாரம்பரியம். இவ்விரண்டும் ஓரளவே ஒக்கும். இந்நூலாசிரியர் துணிபு வேறு: உணவின் ஆடம்பரத்தை அளக்கும் கோல், அந்தக் கீரையை ஆய்ந்தது யார் என்பதே.

முருங்கைக்கீரை ஆய்ந்து பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. காம்பு ஒன்று தங்கினாலும் சாப்பிடுபவர் அதைத் தட்டோரத்தில் எடுத்து வைத்துக் காட்டுவார். ஒரு குடும்பத்துக்குப் பொரியல் வேண்டுமானால் ஒரு முழு சீரியல் ஓடி முடிய வேண்டும். முடக்கத்தானை அரைத்து அடை மாவில் கலக்கவும், வாழைப்பூவில் நரம்பு எடுக்கவும், பிரண்டையில் நார் உரித்து விரல் அரித்து நல்லெண்ணெய் தேடவும் வேண்டிய நேரத்துக்குக் கூலி போட்டால் ஒரு சாப்பாடு என்ன விலை வரும்? மண்ணுக்குரிய பொருள் சும்மா கிடைக்கும். மண்ணைக் கழுவும் கைதான் கிடைக்காது.

நோமா இதற்குச் சான்று. அங்கே இலை பொறுக்கவும் பழக்கூழை உலர்த்திச் சின்ன வண்டு வடிவத்தில் ஒட்டவும் நெடுங்காலம் சம்பளமில்லாப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். 2022 அக்டோபரில்தான் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில், இந்த வகைச் சமையல் கட்டுப்படியாகாது, 2024 முடிவோடு வழக்கமான உணவகமாக நடத்துவதை நிறுத்தப் போகிறோம் என்று ரெட்செப்பி அறிவித்தார். காரணம் சம்பளம் மட்டுமன்று என்றாலும், காலம் இவ்வளவு நெருக்கமாக இருப்பதைப் பார்த்தால் நம் வீட்டு மாமியார்கள் ஒரே ஒரு மாதம் கூலி கேட்டால் என்ன ஆகும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. உலகத்தின் தலைசிறந்த உணவகம் என்று ஐந்து முறை பேர் வாங்கிய கடைக்கே தாங்காத செலவை, கள்ளிக்குப்பத்தில் ஒரு சமையலறை தாங்கிக்கொண்டிருக்கிறது, பேரும் வாங்காமல்.

இந்தக் கோலை வைத்துக் கூழை அளக்க. கேழ்வரகுக் கூழ் மூவகைப்படும்.

முதலாவது சும்மா கூழ். ஆடி ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாக ஊற்றுவார்கள். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் கூட. தூக்குவாளியோடு வருபவருக்கு முன்னுரிமை. சமதர்மப் பாணி சமுதாயம் அமைப்போம் என்று 1955இல் காங்கிரஸ் தீர்மானம் போட்டது ஆவடியில்தான்; அது முழுதாக நிறைவேறுவது வருஷத்தில் இந்த ஒரு மாதம்.

இரண்டாவது தள்ளுவண்டிக் கூழ். அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை பத்தரைக்குப் பார்க்க வேண்டும். கம்பெனி வாசலில் வேப்பமரம், அடியில் வண்டி, வண்டியில் ஈரத்துணி சுற்றிய பானை. கம்பா கேழ்வரகா என்று கேட்பார். உருண்டையைக் கையால் எடுத்து மோரில் கரைத்துச் சின்ன வெங்காயத்தைத் தூவி எவர்சில்வர் சொம்பில் கொடுப்பார். சுற்றி இருப்பவைதான் அழகு: மோர்மிளகாய், கொத்தவரை வற்றல், சுண்டவற்றல், உப்பில் ஊறிய மாங்காய், கத்தரிக்காய்க் கருவாட்டுத் தொக்கு. எடுத்துக்கொள்வதற்குக் கணக்கு இல்லை. அதிகம் எடுப்பவனை அவர் ஒருமுறை பார்ப்பார், அவ்வளவே. கிரீஸ் கறையோடு லேத் மெஷின்காரரும், அடையாள அட்டை தொங்க ஐ.டி.க்காரரும் அடுத்தடுத்து நின்று குடிப்பார்கள். முந்தியவர் பசிக்கு, பிந்தியவர் சர்க்கரைக்கு.

மூன்றாவது நட்சத்திரக் கூழ். நகரத்துக்குள் பெரிய ஹோட்டலில் கிராமிய உணவுத் திருவிழா. வாசலில் கயிற்றுக் கட்டில், வைக்கோல், மண்பானை. வேட்டி கட்டத் தெரியாத பையனுக்கு வேட்டி. கூழ் வெள்ளிக்கிண்ணி அளவு. கருவாடு இருக்காது, அதற்குப் பதில் அதைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கும். அம்பத்தூரில் பத்தரைக்குக் கூழ் குடித்த அதே ஐ.டி.க்காரர் வாரக்கடைசியில் குடும்பத்தோடு இங்கே வருவார். இங்கே அவருக்குக் கிடைப்பது வேறொன்று: பானையைக் கழுவ வேண்டியதில்லை, கழுவினவரைப் பார்க்கவும் வேண்டியதில்லை.

கைக்கிளையும் பெருந்திணையும்

ஐந்திணைக்கு முன்னும் பின்னும் இரண்டு உண்டு. ஒருதலைக் காமம் கைக்கிளை. கிரீன்லாந்துப் பனிப்பாறைக்கு முன்னால் யாரோ கடலட்டை தின்னும் வீடியோவை, ஆவடி லோக்கலில் கம்பியைப் பிடித்து நின்றபடி ஒருவர் பார்த்து, லைக் போட்டு, ‘செம ப்ரோ’ என்று எழுதுவது இதன்பால் படும். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது. பொருந்தாக் காமம் பெருந்திணை. பானிபூரிக்குள் சாக்லேட், மோமோவில் செட்டிநாடு, தந்தூரி டீ. இவற்றை வகுக்க முயன்று கைவிட்டோம், மாதந்தோறும் பெருகுகின்றன.

புறனடை

சொல்லாது விட்டன உளவெனின் சொன்னவற்றோடு ஒட்டி உணர்ந்துகொள்க என்று சொல்லி நூலை முடிப்பது மரபு. அவ்வாறு முடிக்கவொட்டாமல் தடுப்பது ஒன்று உண்டு, பிரியாணி. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இம்முந்நாட்டில் எந்தத் திசையில் நின்றாலும் அதன் வாசம் வரும். வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் பக்கெட் சேர்ந்துபோனதற்கும் அதுவே காரணம். இது எத்திணைத்து என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். மருதம் என்பார் ஒருவர், சீரகச் சம்பா உடைமையின். பாலை என்பார் மற்றொருவர், ஆற்காட்டுப் பக்கமிருந்து நெடுஞ்சாலை வழி வந்தமையின், காசுக்கு ஏற்றபடி துண்டு இன்மையானும். மூன்றாம் உரையாசிரியர் பார்சல் வாங்க வரிசையில் நிற்கிறார். அவர் கருத்து அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும்.